மாதா பாட்டிலில் சீந்தில் தண்ணீர்

அத்தியாயம் 14

காலை ஆறே முக்காலுக்குச் சேவியர்ராஜ் மாதாவின் கிரீடத்தைத் திருகிக் கழற்றினார்.

பதறாதீர்கள். வில்லியனூர் மாதா கோயில் வாசலில் விற்கிற பிளாஸ்டிக் பாட்டில்தான் அது. மாதா உருவத்திலேயே வார்த்திருப்பார்கள். உடம்பெல்லாம் நீலம், தலையில் கிரீடம். அந்தக் கிரீடம்தான் மூடி. ஒதியம்பட்டில் இந்த பாட்டில் இல்லாத வேதக்கார வீடு ஒன்றைக் காட்டினால் தன் மீசையில் பாதியைச் சிரைத்துக் கொடுப்பதாகச் சேவியர்ராஜ் ஒருமுறை பந்தயம் கட்டியிருக்கிறார். மீதிப் பாதியே ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குத் தாராளமாகப் போதும்.

குளியலறைப் பக்கம் காதைத் தீட்டினார். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம். மேரி வெளியே வர இன்னும் ஐந்து நிமிஷம் ஆகும். அரிசி டிரம்முக்குப் பின்னால் கையை விட்டு ஒரு சின்னத் தூக்குப் பாத்திரத்தை எடுத்தார். நேற்றே சுண்டக் காய்ச்சி, வேட்டித் துணியில் வடிகட்டி வைத்த சீந்தில் கொடிக் கஷாயம். மூடியைத் திறந்ததும் கசப்பு வாடை மூக்கைப் பிடித்து உலுக்கியது. இந்த வாடை தாங்காமல் அடுப்படிப் பல்லிகள் போன மாதமே குடும்பத்தோடு எதிர்வீட்டுக்குக் குடிபோய்விட்டன.

புனல் வைத்து அரை டம்ளர் ஊற்றினார். அதன் மேல், கோயிலில் பிடித்து வந்து காய்ச்சி ஆறிய மாதா தண்ணீர். கிரீடத்தை இறுக்கினார். நெற்றியில் ஒரு சிலுவை போட்டுக்கொண்டார்.

இது முப்பத்திரண்டாவது நாள்.

இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வரலாம். சேவியர்ராஜ் முப்பத்து நான்கு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஐம்பது பேர் போகிற பஸ்ஸில் ஐந்நூறு பேரை ஏற்றி, அதற்கு மேலும் "உள்ள போ, உள்ள போ, கிரிக்கெட் ஆடலாம், அவ்ளோ எடம் கீது" என்று சொன்னவர். அவர் மனைவி அந்தோணி மேரி, பங்குக் கோயில் பாடகர் குழுவில் முதல் குரல். பொங்கல் முடிந்த வாரம் அவளுக்கு இடது மார்பில் எலுமிச்சம்பழ அளவுக் கட்டி என்று தெரிந்தது. முதலில் கீமோ ஏற்றிக் கட்டியைச் சுருக்குவது, பிறகு அறுவைச் சிகிச்சை என்று டாக்டர் ரோஸ்லின் திட்டம் போட்டார். நான்கு கீமோ முடிந்துவிட்டது. இன்றைக்கு ஐந்தாவது.

நோய் என்று தெரிந்ததும் ஊரே மருந்து கொண்டுவந்து கொட்டியது. முள்சீத்தா இலை, கோதுமைப்புல், யாரோ ஒருவர் மூலம் வந்த கறுப்புப் பொடி. "டாக்டர் குடுக்கிறதும் மாதா குடுக்கிறதும் தவிர வேற எதுவும் இந்த வாயில போவாது" என்று மேரி தீர்த்துச் சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு ஆடு தின்றது. இப்போது அந்த ஆட்டைப் பார்த்து நாய்கள் ஒதுங்கிப் போகின்றன என்பது சேவியர்ராஜின் கணக்கு.

அப்படியிருக்க, பாட்டிலுக்குள் சீந்தில் எப்படிப் போனது? அதற்குக் காரணம் மகள் ஷெரின்.

ஷெரின் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவி. சீந்தில் கொடியை அரைத்து, பிழிந்து, உள்ளே இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது அவள் வேலை. ஒருநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேசுவதற்காக வீட்டுப் பீரோக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தாள்.

"நம்ம உடம்புல காவல் செல்கள் இருக்கு. புற்றுநோய் செல் நம்ம செல் மாதிரியே வேஷம் கட்டி அதுங்கள ஏமாத்தும். சீந்தில்ல இருக்கிற ஒரு சர்க்கரைப் பொருள் அந்தக் காவல் செல்களத் தட்டி எழுப்புது."

கதவோரம் நின்ற சேவியர்ராஜுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அட, இது பஸ் சமாச்சாரம்! டிக்கெட் எடுக்காதவன் பயணி மாதிரியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். செக்கர் பின்சீட்டில் தூங்குகிறார். எழுப்பிவிட்டால் முடிந்தது கதை.

ஷெரின் அடுத்த வாக்கியத்தையும் சொன்னாள். "ஆனா இதெல்லாம் ஆய்வுக்கூடத் தட்டுலயும் எலியிலயும் பாத்தது. மனுஷங்களுக்குப் பயன்படும்னு இன்னும் நிரூபிக்கல." அந்த வாக்கியம் வாயைவிட்டு வருவதற்குள் சேவியர்ராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு சோரியாங்குப்பம் போய்விட்டார். ஷெரினின் ஆய்வுக்கூடத்துக்குக் கொடி கொடுக்கிற சுப்புராயன் வீடு அங்கேதான். அவர் வேப்பமரத்தில் படர்ந்த கொடி.

தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும், மாதா தண்ணீராக இருந்தாலும் சரி, என்று டாக்டர் சொல்லியிருந்தார். "நான் காய்ச்சித் தரேன் மேரி, நீ அடுப்புகிட்ட போவாத" என்று சேவியர்ராஜ் அந்த வேலையை வாங்கிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து வெந்நீர்கூட வைத்தறியாத மனிதர் கேட்டதும் மேரிக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே பஸ் ஹாரன் கேட்டது. மேரி தலையில் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு வந்து பாட்டிலை வாங்கிப் பையில் வைத்தாள்.

பஸ்ஸில் இப்போது கண்டக்டர் புகழ்வேந்தன். சேவியர்ராஜிடம் தொழில் பழகியவன். "அண்ணி, முன்சீட்டு ஒங்களுக்குத்தான்" என்று அதில் உட்கார்ந்திருந்தவரை எழுப்பிவிட்டான்.

கூடப்பாக்கம் சாலை கடந்ததும் மேரி பாட்டிலை எடுத்து அண்ணாந்து இரண்டு வாய் குடித்தாள். முகம் சுருங்கியது. கிரீடத்தை மெதுவாக மூடினாள்.

"இன்னாங்க."

"ம்."

"ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது."

"நான் எப்பம்மா சிரிச்சேன்?"

"மாதா தண்ணி எனக்குக் கசக்குது."

சேவியர்ராஜ் ஜன்னல் பக்கம் திரும்பினார். "கீமோ போட்டா வாய் அப்படித்தான் இருக்கும். இட்லியே கசக்குதுன்னு நீதானே சொன்ன."

"அது வேறங்க. இட்லி நாக்குல கசக்குது. இது தொண்டைக்குள்ள போய் சம்மணம் போட்டு உக்காந்துக்குது. ஒரு மாசமா." குரலைத் தாழ்த்தினாள். "எங்கம்மா படுக்கையில கெடந்தப்ப திருவிழாவுக்குப் பாட்டுப் பழகணும்னு ரெண்டு நாள் தள்ளிப் போட்டேன், ஞாபகம் இருக்கா? நான் போறதுக்குள்ள முடிஞ்சிட்டாங்க. மாதாவும் ஒரு அம்மாதானே. பெத்த தாயி தாகமா கெடந்தப்ப வராதவளுக்கு நான் எதுக்கு நல்ல தண்ணி குடுக்கணும்னு நெனச்சிட்டாங்களோ?"

"சீச்சீ. இன்னா பேச்சு இது."

"பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்டயே சொல்லிட்டேன். கசப்பையும் காணிக்கையா குடுன்னாரு. அதான் விடாம குடிக்கிறேன்."

இப்போதே சொல்லிவிடலாம் என்று சேவியர்ராஜ் வாயைத் திறந்தார். "ஆஸ்பத்திரி எறங்கு!" என்று புகழ்வேந்தன் விசில் ஊதினான். திறந்த வாயை மூடிக்கொண்டு இறங்கினார்.

டாக்டர் ரோஸ்லின் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றுக் கொடுத்த ரத்தத்தின் முடிவு அதில் இருந்தது. எப்போதும் "என்ன மேரியம்மா, இன்னைக்கு என்ன பாட்டு?" என்று கேட்கிறவர் இன்று கேட்கவில்லை.

"இன்னைக்கு மருந்து ஏத்த முடியாதும்மா."

"ஏன் டாக்டர்?"

"ரத்தத்துல ஈரல் சம்பந்தப்பட்ட அளவு ஏறியிருக்கு. எஸ்ஜிபிடின்னு ஒண்ணு. நாப்பதுக்குள்ள இருக்கணும். ஒங்களுக்கு எரநூத்தி எண்பது. போன தடவ சரியா இருந்துச்சு."

மேரியின் கை ஜெபமாலையைத் தேடியது.

"ரெண்டு மூணு காரணம் இருக்கலாம். நாம குடுக்கிற மருந்தே ஈரலுக்கு ஒத்துக்காம இருக்கலாம். அப்படின்னா மருந்த மாத்தணும். இல்லன்னா..." டாக்டர் நிதானமாகச் சொன்னார். "நோய் ஈரலுக்குப் போயிருக்கான்னும் பாக்கணும். வியாழக்கிழமை ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்."

டாக்டர் ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிவிட்டு மறுபடி கேட்டார்.

"வேற ஏதாவது சாப்பிடுறீங்களா? நாட்டு மருந்து, பொடி, கஷாயம்? திட்ட மாட்டேன், சொல்லுங்க."

மேரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த ஆஸ்பத்திரியிலேயே டாக்டர் சொன்னபடி நடக்கிற ஒரே நோயாளி தான்தான் என்கிற பெருமை அவளுக்கு உண்டு. பையிலிருந்து நீல பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"இந்த மாதா தண்ணிய தவிர ஒரு வெத்தலகூட தொட்டதில்ல டாக்டர். மாதா மேல ஆணையா."

அவள் வலது கை பாட்டிலின் மேல் இருந்தது.

சேவியர்ராஜுக்குக் காதுக்குள் நூறு பஸ்கள் ஒரே நேரத்தில் பிரேக் போட்டன. "கொஞ்சம்... இதோ வந்துடறேன்" என்று எழுந்து வெளியே வந்துவிட்டார்.

தாழ்வாரத்தின் கோடியில் ஷெரின் ஸ்கூட்டி சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு கீமோ நாளும் அம்மாவோடு உட்கார வருகிறவள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சாவி நின்றது.

"இன்னாப்பா?"

அவர் சொன்னார். ஈரல், எரநூத்தி எண்பது, ஸ்கேன், அரிசி டிரம், தூக்கு, புனல், கிரீடம், எல்லாவற்றையும். நடுவே, செக்கர் தூங்குகிற விஷயத்தையும் விளக்கினார். விளக்கும்போதே அது முன்பு போல் ஜோராக இல்லை என்று அவருக்கே தெரிந்தது.

"எந்தக் கொடி?"

"சுப்புராயன் வூட்டுக் கொடிதான். நீங்க வாங்கற அதே கொடி."

"ஒரு நாளைக்கு எவ்ளோ?"

"சும்மா ஒரு விரக்கடை."

"அப்பா. நீ ஒருநாளும் எதையும் கொறச்சு சொன்னதே கெடையாது. இன்னைக்குதான் மொதத் தடவ கொறைக்கிற. எவ்ளோ?"

சேவியர்ராஜ் கட்டைவிரலைக் காட்டினார். "இந்தத் தடிமன்ல ஒரு சாண்." தரையைப் பார்த்தார். "ஒன்றரைச் சாண்."

ஷெரின் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஒன் பஸ்ஸயே வச்சுக்கோ. தூங்குற செக்கர எழுப்பிட்ட. சரி. எழுந்தவரு யார எறக்கிவுடுவாருன்னு ஒனக்குத் தெரியுமா? எனக்கே தெரியாது. அதக் கண்டுபிடிக்கத்தான் நாலு வருஷமா எலிக்கிட்ட மாரடிச்சிகினு இருக்கேன். நான் தட்டுல போடுறது கொடியில இருக்கிற நூத்துக்கணக்கான பொருள்ல ஒண்ணே ஒண்ணு. அதுவும் ஊசி முனையளவு. நீ குடுத்தது மொத்தக் கொடி. எழுந்த செக்கரு டிக்கெட் வச்சிருக்கிறவங்களயும் அடிச்சா? சீந்தில் குடிச்சு ஈரல் வீங்கினவங்க இருக்காங்கப்பா. அம்மா ஈரல் ஏற்கெனவே கீமோவோட மல்லுக்கட்டிகினு கீது."

"எனக்குத் தெரியலையேம்மா."

"நான் சொன்னேனே, கண்ணாடி முன்னாடி!"

"அதுக்குள்ள நான் செருப்பு மாட்டிட்டேன்."

ஷெரினுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டையும் துப்பட்டாவால் துடைத்தாள்.

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஒரு மாசமா வூட்டுல அந்த வாடை. பகல் முழுக்க அதுலயே நிக்கிறேன் இல்ல, என் துணியிலேர்ந்துதான் வருதுன்னு நானும் அம்மாவும் நெனச்சோம். ரெண்டு தடவ தொவச்சேன்."

"நீ டாக்டர்கிட்ட சொல்லிடும்மா. ஒனக்கு அந்த பாஷையெல்லாம் தெரியும்."

"மாட்டேன். நீதான் சொல்லணும். அம்மா முன்னாடி. ஒண்ணும் கூட்டாம."

அறைக்குள் நுழைந்தபோது மேரியின் கை இன்னும் பாட்டில் மேலேயே இருந்தது. சேவியர்ராஜ் உட்காரவில்லை. டிக்கெட் எடுக்காமல் மாட்டிக்கொண்டவன் போல நின்றார்.

"அவ பொய் சொல்லல டாக்டர். அவளுக்குத் தெரியாது. அந்த பாட்டில்ல நான் சீந்தில் கஷாயம் கலந்தேன். முப்பத்திரெண்டு நாளா. தெனம் ஒன்றரைச் சாண் கொடி."

இவ்வளவுதான். அவர் வாழ்க்கையிலேயே மிகச் சின்னப் பேச்சு இதுவாகத்தான் இருக்கும்.

டாக்டர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். திட்ட மாட்டேன் என்று சொன்னதைக் காப்பாற்றினார்.

"இப்பவே நிறுத்திடுங்க. ஒரு சொட்டுகூடக் கூடாது. பத்து நாள்ல மறுபடி ரத்தம் பாப்போம். எறங்கினா அதுதான் காரணமா இருக்கும். ஆனா உறுதியா இப்ப சொல்ல மாட்டேன். ஸ்கேனும் எடுத்தே ஆகணும்." பிறகு சேவியர்ராஜைப் பார்த்தார். "ஐயா, செடின்னா எங்களுக்கு ஆகாதுன்னு நினைக்காதீங்க. கீமோ மருந்துல ஒண்ணு மரப்பட்டையிலேர்ந்து வந்ததுதான். ஆனா அதுல எது வேலை செய்யுது, எவ்வளவு குடுத்தா தாங்கும்னு கண்டுபிடிக்க எத்தனையோ வருஷம் ஆச்சு. நாளைக்கு ஒங்க பொண்ணு பிரிக்கிற பொருளும் மருந்தா வரலாம். அன்னைக்கு நானே எழுதித் தருவேன். இன்னைக்கு நீங்க மறைச்சிருந்தா, நான் இல்லாத காரணத்தத் தேடிப்போய் நல்லா கேக்குற மருந்த நிறுத்தியிருப்பேன்."

சேவியர்ராஜ் தலையாட்டினார். பார்வையெல்லாம் மேரி மேல் இருந்தது. திட்டுவாள், அழுவாள், பாட்டிலைத் தூக்கி மண்டையில் போடுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக நின்றார்.

மேரி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப மாதாவுக்கு என் மேல கோவம் இல்ல" என்றாள் மெல்ல.

"இல்ல மேரி. எப்படி இருக்கும்?"

"எனக்குக் கீது." எழுந்தாள். "ஒங்க மேல."

ஸ்கேனுக்கு நேரம் குறிக்க ஷெரின் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். திரும்பும் பஸ்ஸில் மேரி பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் சேவியர்ராஜ் டிக்கெட் எடுத்துத் தனியாக உட்கார்ந்தது அன்றுதான். "அண்ணே, சண்டையா?" என்றான் புகழ்வேந்தன். "ரைட் குடுடா" என்றார் இவர்.

மேரி வில்லியனூரில் இறங்கி மாதா கோயிலுக்குப் போனாள். பாட்டிலை வாங்க அவர் கையை நீட்டினார். தரவில்லை. ஏழு தடவை கழுவினாள். ஏழு என்று சேவியர்ராஜ் சொல்லியிருந்தால் நாம் இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் உண்மையிலேயே ஏழுதான், எண்ணிக்கொண்டே நின்றார். தண்ணீர் பிடித்தாள். வீட்டுக்கு வந்து தானே அடுப்பைப் பற்றவைத்துக் காய்ச்சினாள். கொதிக்கிற பாத்திரத்தின் பக்கத்திலேயே முக்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தாள். எதிர்வீட்டுப் பல்லிகள் திரும்பி வரலாமா என்று ஜன்னலில் எட்டிப்பார்த்திருக்கக்கூடும்.

ஆறியதும் ஒரு வாய் குடித்தாள். சேவியர்ராஜ் வாசற்படியிலிருந்து அவள் தொண்டையையே பார்த்தார்.

மேரி சப்புக்கொட்டிப் பார்த்தாள்.

"இதுவும் கசக்குதுங்க."

"கீமோ..."

"தெரியுது. தொண்டையில உக்காரல, நாக்குலதான் கசக்குது." இன்னொரு வாய் குடித்தாள். "கசக்கட்டும். இன்னா குடிக்கிறேன்னு தெரிஞ்சு குடிக்கிறேன் இல்ல, அது போதும்."

அவர் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். "பயந்துட்டேன் மேரி. நீ இல்லாம..."

"பயந்தா எங்கிட்ட சொல்லணும். மாதா தலைய திருகக் கூடாது."

அப்போதுதான் போன் அடித்தது. சேவியர்ராஜுக்குப் போனைக் காதில் வைக்கிற பழக்கமே கிடையாது. ஸ்பீக்கரில் போட்டு, தெருமுனை வரை விநியோகம் செய்வார்.

"அண்ணே! சுப்புராயன். சோரியாங்குப்பத்துலேர்ந்து. அக்காவுக்கு ஆஸ்பத்திரியில கரண்டு வைக்கிறதுக்கு நாளைக்கு வரச் சொல்லியிருந்தாங்க இல்ல? போவலன்னுட்டாங்க! நீங்க சொன்ன கொடித் தண்ணிய பத்து நாளா வுடாம குடிக்கிறாங்க. மேரிக்கே கட்டி கடுகாட்டம் ஆயிடுச்சு, எனக்கு எதுக்குடா கரண்டுன்னு கேக்குறாங்க. ஊரெல்லாம் ஒங்க பேச்சுதான்ணே!"

போன் ஓய்ந்தது. கனகாம்பாள் சுப்புராயனின் மூத்த அக்கா. கர்ப்பப்பை வாயில் புற்று. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், ஊரில் கரண்டு என்று சொல்கிற கதிர்வீச்சு கொடுத்தால் குணமாகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

மேரி அடுப்படியிலிருந்து திரும்பினாள்.

"கடுகாட்டம்னு யார் சொன்னது?"

"நான்தான்... ஒரு பேச்சுக்கு."

"இப்ப நெல்லிக்கா அளவு கீது. போன வாரம்தான் அளந்தாங்க. சரி, கீமோ ஊசி போட்டதச் சொன்னீங்களா?"

"அது... சொல்ல வுட்டுப்போச்சு."

"நாலு ஊசி. தலையில ஒரு முடி இல்ல. நகமெல்லாம் கறுத்துப் போச்சு. வாயெல்லாம் புண்ணு. பாடுறதே நின்னுபோச்சு. அதுவாங்க வுட்டுப்போச்சு?" அவள் குரல் உயரவேயில்லை. "ரெண்டாவது ஊசியிலயே கட்டி பாதி கரைஞ்சிடுச்சு. அப்ப ஒங்க கொடி சுப்புராயன் வூட்டு மரத்துலதான் தொங்கிகினு இருந்துச்சு."

சேவியர்ராஜ் போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"கெளம்புங்க. பாகூர் பஸ் மூணே காலுக்கு."

"போன்லயே சொல்லிடறேனே."

"ஸ்பீக்கர்லயா? வேணாம். நேர்ல போயி சொல்லணும். நானும் வரேன்."

"நீ எதுக்கு மேரி, இந்த ஒடம்போட?"

"நீங்க சொன்னா யாரு நம்புவாங்க? கூட்டிச் சொன்னத நம்பிட்டாங்க. கொறச்சுச் சொன்னா நம்ப மாட்டாங்க. என்னப் பாத்தாதான் நம்புவாங்க." முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

பாகூர் போகிற வழியெல்லாம் சேவியர்ராஜ் ஒத்திகை பார்த்தார்.

"கட்டி கரைஞ்சது நூத்துக்கு நூறு ஊசியாலதான்..."

"நூத்துக்கு நூறெல்லாம் வேணாம். ஊசியால. அவ்ளோதான்."

"அந்தக் கொடி இருக்கே, அது வெஷம்..."

"வெஷம்னு யாரு சொன்னா? ஷெரின் வேலைக்கு ஒலை வெக்காதீங்க. எனக்கு ஈரல் ஏறிடுச்சு, டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாங்கன்னு சொல்லுங்க."

"ஈரல் ஆயிரத்து எரநூறு..."

மேரி திரும்பிப் பார்த்தாள்.

"எரநூத்தி எண்பது" என்றார்.

வயல்கள் பின்னால் ஓடின. சாலையோரம் நாற்று நடுகிறவர்கள் நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தார்கள். இந்தப் பாதையில் எத்தனை ஆயிரம் தடவை போயிருக்கிறார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கதை விட்டிருக்கிறார். ஜனங்கள் சிரித்துக்கொண்டே இறங்கிப் போவார்கள். இறங்கியவர்கள் அந்தக் கதையை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்தார்கள் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

பாகூரில் ஷேர் ஆட்டோ பிடித்துச் சோரியாங்குப்பம் வந்து இறங்கினார்கள். தெரு திரும்பியதும் சுப்புராயன் வீட்டு வேப்பமரம் தெரிந்தது. அதில் ஏறியிருந்த கொடியை அடிவரை அறுத்திருந்தார்கள். மரத்தடியில் கல் அடுப்பு, அதன்மேல் ஓர் அண்டா. ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. கரண்டியும் கையுமாக நின்ற கனகாம்பாள் இவர்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லானாள்.

"வாங்க தம்பி! வா மேரி! நூறு ஆயுசு ஒங்களுக்கு. இப்பதான் இவங்ககிட்ட ஒங்களப் பத்திச் சொல்லிகினு இருந்தேன்."

மரத்தடியில் பெஞ்சுகள் போட்டிருந்தன. அதில் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கழுத்தில் கட்டு. ஒரு பெண் தலையில் மேரி கட்டியிருப்பது போலவே துணி. ஆளுக்கொரு டம்ளர் கையில். எல்லா முகமும் சேவியர்ராஜ் பக்கம் திரும்பியது.

அவர் எண்ணினார். ஏழு பேர். மறுபடி எண்ணினார். ஏழேதான்.

மேரி முகக்கவசத்தைக் கழற்றினாள். பிறகு, அவ்வளவு பேர் பார்க்க, தலையில் கட்டியிருந்த ஸ்கார்ஃபையும் அவிழ்த்துக் கையில் மடித்து வைத்துக்கொண்டாள். வெயில் அவள் வெறுந்தலையில் விழுந்தது. கனகாம்பாளின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"சொல்லுங்க" என்றாள் மேரி.